முடிந்தது என்று யார் சொல்வது

இரண்டாயிரத்து எட்டிலும் ஒன்பதிலுமாகப் பதினான்கு மாதம் ஒரு மனிதரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அதில் பதிமூன்று மாதத்துக்கு மேல் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. இத்தனைக்கும் எனக்கு அவர் கொழுந்தன் முறை, என் கணவரின் பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். நாங்கள் பார்த்த வேலை, இரண்டு கணினிகள் ஒரே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வழி செய்வது. அந்த வேலைக்கு உட்கார்த்தி வைத்ததோ ஒரு கிணற்றைப் பங்கு போட முடியாமல் கோர்ட்டுக்குப் போன இரண்டு வீட்டு ஆட்களை. சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சிரிக்க என்ன இருக்கிறது? என் வேலை போகப் பார்த்தது.

நான் பிறந்தது கெங்குவார்பட்டி. பொறியியல் படித்துவிட்டு பெங்களூரில் இரண்டு வருஷம் டிரைவர் எழுதினேன். கார் ஓட்டுகிற டிரைவர் அல்ல. கணினிக்குள் திரை, விசைப்பலகை, கேமரா ஒவ்வொன்றையும் பேச வைக்கிற நிரலுக்கு அந்தப் பெயர். பிறகு கல்யாணம். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர், திராட்சைத் தோட்டம், மாமனார், மாமியார். கவாத்து என்றைக்கு, மருந்தடிப்பு என்றைக்கு என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத வீட்டில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்றா சொன்னேன்? வெட்டி அடுக்கிய பழத்துக்கு நடுவில் நின்றேன். கைதான் வேலை செய்தது, மண்டை துருப்பிடித்துக்கொண்டிருந்தது. என்னை யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன்.

அப்போதுதான் தேனியில் ஒருவர் கம்பெனி ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். தேனியில் அவர்கள் குடும்பத்து ஏலக்காய்க் கடை மாடியில் ஐந்து மேசை போட்டிருந்தார். எல்லாரும் அவரை சார் என்றே கூப்பிட்டார்கள். என்னிடம் இருபது நிமிஷம் கேள்வி கேட்டார், வரச் சொல்லிவிட்டார். முதல் நாள் மாடிப்படி ஏறிப் போனால், எனக்கு ஒதுக்கிய நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கொழுந்தன். என்னைப் பார்த்ததும் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மறைத்து வைக்கிற ஊரா அது? சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"வேலைக்குப் போறது ஒன் இஷ்டம். ஆனா அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுனேன்னு என் காதுக்கு வந்துச்சு, அன்னைக்கே வேலைய விட்டுறணும். கேசு நடக்குது, தெரியும்ல? நம்ம எறங்கி வந்துட்டோம்னு அவுக வக்கீலு சொல்லிக்கிட்டுத் திரிவாரு."

"பேசலேன்னா வாய் என்ன கோணிக்கிருமா ஆத்தா?" என்றார் மாமியார்.

உடனே சரி என்றேன். எனக்கு அது பெரிய நிபந்தனையாகவே தெரியவில்லை. அந்த வீட்டு ஆட்கள் மேல் எனக்கே சொந்தமாக ஒரு கோபம் இருந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலில் எதிரே வந்த ஒரு அம்மாவைப் பார்த்து, யாரென்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அவர் கொழுந்தனின் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம், "புதுசா வந்ததுக்கும் வெக்கமில்ல" என்றார். இரண்டு வீடும் ஒரே சனிக்கிழமைதான் அந்தக் கோயிலுக்குப் போகும், ஒரே சனீஸ்வரனிடம்தான் அடுத்தவரைப் பிடிக்கச் சொல்லி வேண்டிக்கொள்ளும். எனக்கு எள் விளக்கு ஏற்றத் தெரியாது, ஆனால் கோபத்தை அணையாமல் வைத்திருக்கத் தெரியும்.

எங்களுக்கு வந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டலாம். உள்ளே இருப்பதற்குத் தனி உடம்பு கிடையாது, ஆனால் தனக்கு எல்லாம் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான் எங்கள் பிழைப்பு. உள்கணினி வீடியோ ஓட்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு வீடியோ கருவி வேண்டும். நிஜக் கருவி வெளிக்கணினியிடம்தான் இருக்கிறது. ஆகவே நாங்கள் ஒரு பொய்க் கருவியை, மெய்நிகர் கருவியை, வடிவமைத்து உள்ளே வைக்க வேண்டும். உள்கணினி அதனிடம் வீடியோவைக் கொடுக்கும். வெளிக்கணினி அதை வாங்கி, நிஜக் கருவியால் ஒவ்வொரு படமாக விரித்து, நினைவகத்தில் ஓர் இடத்தில் வைக்கும். அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். உள்கணினி அதே இடத்திலிருந்து படத்தை எடுத்துத் திரையில் காட்டும்.

அதே இடம் என்பதுதான் முக்கியம். ஒரு படம் எட்டு மெகாபைட். நொடிக்கு இருபத்தைந்து படம். இதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தால் கணினிக்கு மூச்சு முட்டும். அதிலும் வாடிக்கையாளர் விற்கப்போவது சின்ன, பலமில்லாத பெட்டி. நகலே எடுக்கக் கூடாது, ஒரே பஃபரை இரண்டு பேரும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் முதல் வரி. நான் உள்கணினியின் டிரைவரை எழுத வேண்டும். அவர் வெளிக்கணினிப் பக்கத்தை எழுத வேண்டும். இந்தத் தொழிலில் உள்ளே இருப்பதை கெஸ்ட் என்பார்கள், வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்பார்கள். விருந்தாளியும் விருந்து வைப்பவரும். எங்கள் இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இன்னொரு வீட்டு வாசலுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

பேச்சு இல்லாதவர்கள் பேசிக்கொள்வதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. எதிரிலேயே இருந்தாலும் மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள். மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் சுவரிடமோ மாட்டிடமோ சொல்வார்கள். எங்களுக்கு சார் கிடைத்தார்.

"சார், நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஃபர அங்கன எடுத்துக்கிறாக. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

மூன்றடி தூரத்தில் இருப்பவர் காதில் விழாத மாதிரி இருப்பார். சார் திரும்பி அதையே அவரிடம் சொல்வார். அவர் சாரைப் பார்த்துச் சொல்வார்: "இங்கன சரியாத்தான் சார் இருக்கு. படிக்கிறவுகள வேகமாப் படிக்கச் சொல்லுங்க."

ஒரு மாதத்தில் சாருக்கு அலுத்துவிட்டது. "நான் என்ன போஸ்ட்மேனா?" என்று கத்திவிட்டு ஒரு பெரிய நோட்டை மேசை நடுவில் போட்டார். இனிமேல் வடிவமைப்பு சம்பந்தமாக எதுவானாலும் அதில் எழுத வேண்டும், இரண்டு பேரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினோம். யார் யாருக்கு எழுதுகிறோம் என்பதே தெரியாதபடி, நீ, நான், அவர் எதுவும் இல்லாத இங்கிலீஷில் எழுதினோம். அவர் எழுதிய பக்கத்தில் என் பேனா மை படக் கூடாது என்பதற்காக இரண்டு வரி விட்டு ஆரம்பிப்பேன்.

அந்த நோட்டின் பதினொன்றாம் பக்கத்தில்தான் எல்லாம் கெட்டது.

ஒரே பஃபரை இரண்டு பேர் தொடுவதென்றால் ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் தொடக் கூடாது. அவர் படத்தை நிரப்பிவிட்டு "நிரப்பியாச்சு" என்று ஒரு செய்தி அனுப்புவார். அது இருந்தது. நான் காட்டி முடித்ததும் "முடிந்தது, எடுத்துக்கொள்" என்று ஒரு செய்தி போக வேண்டும். அது இல்லை. அவர் பதினொன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தார்: முடிந்ததை கெஸ்ட் தெரிவிக்க வேண்டும். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. தெரிவிக்க வேண்டுமாம். யார் யாருக்கு உத்தரவு போடுவது? நான் அவருக்குத் தகவல் சொல்லிக் கைகட்டி நிற்க வேண்டுமா? கீழே எழுதினேன்: தெரிவிக்கத் தேவையில்லை, நேரத்தை வைத்து ஹோஸ்ட் புரிந்துகொள்ளலாம். அவர் அதற்குக் கீழே எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதினார். நாற்பது மில்லிவினாடி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டோம்.

எந்தக் கல்லூரியிலும் இரண்டாம் வருஷம் படிக்கிறவர்கூட இப்படி ஒரு விதியை எழுத மாட்டார். கணினி சில நேரம் வேகமாக இருக்கும், சில நேரம் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு தாமதிக்கும். நாற்பது மில்லிவினாடி ஆகிவிட்டது என்பதற்காக நான் முடித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டோம்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அவரை நம்ப முடியாது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தை மாற்றிவிடுவார் என்று, பஃபரில் படம் வந்ததும் எனக்கென்று ஒரு தனி இடத்துக்கு அதை நகலெடுத்துவிடுகிற மாதிரி நான்கு வரி சேர்த்தேன். நகலே எடுக்கக் கூடாத வேலையில், படத்துக்கு ஒரு நகல். யாரிடமும் சொல்லவில்லை. அப்படி எழுதிய அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை, திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் கோடையில் வாடிக்கையாளரின் ஆள் பெங்களூரிலிருந்து வந்தார். சார் தன் தங்கை கல்யாண வீடியோவைத்தான் சோதனைக்கு வைத்திருந்தார். ஓட்டிக் காட்டினோம். நாதஸ்வரம் சரியாகக் கேட்டது. படம் திக்கித் திக்கி வந்தது. கெட்டிமேளம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன சத்தம் வந்த பிறகு திரையில் மாப்பிள்ளை தாலியை எடுத்தார். வந்தவர் அதற்குமேல் பார்க்கவில்லை. சாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போய்விட்டார்.

சார் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பத்து நாள் குடுத்திருக்காக. அதுக்குள்ள ஓடலேன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாக. அப்புறம் இந்த மாடிய எங்க அண்ணன் மூடை அடுக்கக் கேட்டுக்கிட்டு இருக்காரு, குடுத்துருவேன். ஆளுக்கு ஆள் குத்தம் சொல்லாம வேலையப் பாருங்க."

நாங்கள் என்ன செய்தோம்? ஆளுக்கு ஆள் குற்றம் சொன்னோம். சார் வழியாகத்தான்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. பெங்களூருக்கு அனுப்ப மாட்டார்கள். மறுபடியும் பழத்துக்கு நடுவில் நிற்க வேண்டும், சாகிற வரைக்கும். அவருக்கென்ன, ஆம்பளை, சென்னைக்குப் போவார் என்று நினைத்து இன்னும் எரிந்தேன்.

மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தேன். என் திருட்டு நகல் பன்னிரண்டு மில்லிவினாடி தின்றது. ஆனால் அதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. இன்னொரு பன்னிரண்டு அவர் பக்கத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஒரே அளவு. எனக்குப் புரிந்துவிட்டது. நான் செய்ததையே அவரும் செய்திருக்கிறார். முதலில் தன் சொந்த இடத்தில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிறகு பொது பஃபருக்கு நகலெடுத்துப் போடுகிறார். நான் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்குக் கோபம் வந்தது. நானும் அதையே செய்திருக்கிறேன் என்பது அந்தக் கோபத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

அவர்தான் காரணம் என்று காட்டிவிட வேண்டும் என்று என் நகலை மட்டும் எடுத்துவிட்டேன். நான்தான் காரணம் என்று காட்ட அவரும் அதே நாள், அதே மத்தியானம், தன் நகலை எடுத்திருக்கிறார். சார் வீடியோவை ஓட்டினார். வேகம் வந்துவிட்டது. ஆனால் திரையில் மேல் பாதி ஒரு படம், கீழ்ப் பாதி அடுத்த படம். தாய்மாமன் தலை பந்தி பரிமாறுகிறவர் உடம்பில் உட்கார்ந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது. மணப்பெண்ணின் கழுத்துக்குக் கீழே ஜமுக்காளம் ஓடியது. சார் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "போச்சுல்ல" என்றார்.

எனக்கு என்ன ஆனதோ, எழுந்து நின்றுவிட்டேன். சாரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை.

"நான் இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள என்னத்துக்கு அடுத்த படத்தக் கொட்டுறீக?"

அவர் முகம் வெளுத்தது. சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்தார்.

"நாப்பது மில்லிசெகண்டுன்னு எழுதுனது யாரு? நீங்கதான எழுதுனீக? நாப்பது ஆச்சு, எடுத்தேன்."

"முடிஞ்சிருச்சான்னு பாக்க வேணாமா?"

"எப்பிடிப் பாக்குறது? நீங்க சொன்னாத்தான தெரியும்? சொல்ல மாட்டேன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கீகல்ல!"

"நீங்க உத்தரவு போட்டீக, அதான் எழுதுனேன்!"

"உத்தரவா? கையில வச்சிருக்கவுகளுக்குத்தான முடிஞ்சது தெரியும்? வேற யாரு சொல்லுவா?"

அது சரி. அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினொன்றாம் பக்கத்திலேயே சரியாகத்தான் எழுதியிருந்தார். மேசையில் ஒரு அடி அடித்தேன். சார் டம்ளர் உருண்டது.

"சரி, சொல்றேன். முடிஞ்சது முடிஞ்சதுன்னு ஒவ்வொரு படத்துக்கும் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் தொடக் கூடாது. கடியாரத்தத் தூக்கிப் போடுங்க."

"நீங்க சொல்லவே இல்லேன்னா? நான் காத்துக்கிட்டே கெடக்கணுமா?"

"கெடங்க."

அவர் நோட்டை இழுத்து, பதினொன்றாம் பக்கத்தில் என் வரியை அடித்துவிட்டு, திறந்தபடியே என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

கீழே ஏலக்காய்க் கடையில் எடை போடுகிறவர் எங்கள் ஊர்க்காரர். நாங்கள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். என் பஸ் சின்னமனூர் தாண்டுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் வாசலில் நின்றிருந்தார்.

"பேசுனியாமே."

"பேசல. சண்ட போட்டேன்."

"எதுவா இருந்தா என்ன? வாயத் தெறந்தேல்ல? சொன்னது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதோடு நான் வேறொன்றையும் பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கிணற்றுச் சண்டையை அந்த வீட்டில் ஆயிரம் தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். பொதுக் கிணறு, பொது மோட்டார். ஆளுக்கு ஆறு மணி நேரம். அன்றைக்குக் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் முறை. பன்னிரண்டு அடித்தும் எங்கள் ஆட்கள் மோட்டாரை நிறுத்தவில்லை. அவர்கள் வந்து ஃபியூஸைப் பிடுங்கினார்கள். மண்வெட்டிக் காம்பால் ஒரு அடி, ஒன்பது தையல், கேஸ்.

"அன்னைக்கு மோட்டார் ரூம்ல இருந்தது நீங்கதான? ஏன் பன்னெண்டுக்கு நிறுத்தல?"

"எத்தன தடவ சொல்றது? நடுவுல ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல. எங்க ஆறு மணி நேரம் முடியல."

"கரண்ட் போச்சு, எங்க முறை இன்னும் முடியலேன்னு அவுகளுக்குச் சொன்னீகளா?"

"நான் ஏன் சொல்லணும்? அவன் கேட்டானா?"

பதினொன்றாம் பக்கம். அப்படியே பதினொன்றாம் பக்கம். இவர்களும் கையெழுத்துப் போடாத குறைதான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒன்பது தையலும் எட்டு வருஷக் கேஸும் சனிக்கிழமை சனிக்கிழமை ஏற்றிய விளக்கும் ஒரு வாக்கியத்துக்காக. எனக்கு அந்த நிமிஷம் இரண்டு வீட்டையும் பிடிக்கவில்லை.

"வேலைய விட்டுறு," என்றார் அவர்.

"மாட்டேன். இன்னைக்குப் பேசுனேன். நாளைக்கும் பேசணும். வேல முடியிற வரைக்கும் பேசுவேன். வக்கீல்கிட்டச் சொல்லிக்கங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மாமியார் சோறு போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று வாரம் என்னோடு யாரும் பேசவில்லை. எனக்கென்ன, அலுவலகத்தில் பதிமூன்று மாதம் பழகியவள். காலையில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

மிச்சமிருந்த ஆறு நாளும் நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசினோம். பாசமாக ஒரு சொல் கிடையாது. பெயரும் சொல்லிக்கொள்ளவில்லை, முறையும் வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. "இங்கேருங்க" என்பார். "இதப் பாருங்க" என்பேன். என் நிரலைக் குப்பை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அவருடையதைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்று நான் சொன்னேன். செய்தி வருவதற்குள் உள்கணினி செத்துவிட்டால் பஃபர் யாருக்குச் சேரும் என்பதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை. அதையும் தீர்த்தோம். எனக்கு அந்த ஆறு நாளும் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பத்தாம் நாள் வாடிக்கையாளரின் ஆள் மறுபடி வந்தார். நாதஸ்வரமும் படமும் ஒன்றாக ஓடின. கெட்டிமேளம் கேட்டபோதே தாலி ஏறியது. அவர் கடைசி வரை, மொய் எழுதுகிறதையும் பந்தியையும்கூடப் பார்த்துவிட்டு எழுந்தார். ஒப்பந்தம் நிலைத்தது. மாடி மூட்டைக்குப் போகவில்லை. சார் எல்லாருக்கும் அல்வா வாங்கி வரச் சொன்னார். எதிர் நாற்காலிக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, பொட்டலத்தை மேசையில் என் பக்கம் நகர்த்தி வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. செவ்வாயும் காலி. புதன்கிழமை சாரிடம் கேட்டேன்.

"அவுக அப்பா வந்தாகம்மா, ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கே. வேலைய விடச் சொல்லிட்டாகளாம். சென்னையில ஏதோ பாத்துப் போயிட்டாரு." சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதா? சேந்த அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுனா வேலைய விட்டுறணும்னு வீட்டுல சத்தியம் வாங்கிட்டாகன்னு."

எனக்குத் தெரியாது. எனக்குப் போட்ட அதே நிபந்தனை அவருக்கும் இருக்கும் என்று பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஆம்பளைக்கென்ன என்று பஸ்ஸில் எரிந்தது நினைவுக்கு வந்தது. நான் வீட்டில் கத்திவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். அவரால் கத்த முடியவில்லை போலிருக்கிறது. அல்லது கத்தியும் நடக்கவில்லை. அன்றைக்கு எழுந்து நின்று கத்தி அவரை வம்புக்கு இழுத்தது நான். வேலையை இழந்தது அவர்.

அவர் பக்கத்து நிரலும் என் தலையில் விழுந்தது. முதல்முறையாகத் திறந்து வரி வரியாகப் படித்தேன். குப்பை என்று சொல்ல முடியாது, என்னுடையதைவிடச் சுத்தமாக எழுதியிருந்தார். பஃபரைத் திரும்ப எடுக்கிற இடத்துக்கு வந்தேன். கடிகாரத்தை எடுத்துவிட்டு, செய்திக்குக் காத்திருக்கிற மாதிரி மாற்றியிருந்தார். அதற்கு மேலே, அடுத்து வருகிறவருக்குப் புரிவதற்காக நாங்கள் எழுதி வைக்கும் குறிப்பு வரி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

மதினி முடிஞ்சதுன்னு சொல்ற வரைக்கும் தொடாதே.

மதினி. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறு நாள் எதிரில் உட்கார்ந்து கத்தினாரே, ஒரு தடவை வாயால் கூப்பிட்டிருந்தால் என்ன தேய்ந்துவிடும்? அந்தக் கணினியை அப்படியே தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று வந்தது. திரையை அணைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மொத்த நிரலையும் படித்துப் பார்த்த வாடிக்கையாளரின் ஆட்கள் நாற்பது திருத்தம் கேட்டு எழுதினார்கள். இருபத்திரண்டாவது, மதினி என்பது என்ன, ஏதாவது சுருக்கெழுத்தா என்பது. கெஸ்ட் பக்கத்து டிரைவரைக் குறிக்கிறது என்று பதில் போட்டேன். அப்படியானால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு கெஸ்ட் என்று மாற்றவும் என்று எழுதினார்கள். மற்ற முப்பத்தொன்பதையும் வாயைத் திறக்காமல் செய்து கொடுத்தேன். அந்த ஒன்றை மாற்ற முடியாது என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.